எச்சில் கொடுத்தவர்கள்

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு தாள் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் உயிரியல் எழுதிய கை இது. தப்பாக எழுதிவிட்டால் பிள்ளைகள் பார்க்கும்படியாகத்தான் அழிப்பேன். நீயும் பார்.

உன் கல்யாணப் பத்திரிகை வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் வருங்கால மாமனார் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள், உன் பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் படிப்பு. கூடவே அவர் தலைவராக இருக்கும் நம் சாதிச் சங்கத்தின் ஆண்டு மலர். "டீச்சரம்மா படமும் வந்திருக்கு, பாருங்க" என்று வந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்த மனுஷனுக்கு நான் காப்பி வேறு போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு புரட்டினேன். ஒரு முழுப் பக்கத்தில் நான் நிற்கிறேன். ஒரு சின்னக் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, அதற்குள் எச்சில் துப்புகிறேன். நீ எடுத்த படம்தான். அடியில், ‘நம் வம்சத்தின் தனித்தன்மையை நிரூபிக்க முன்வந்த முதல் தாய்’ என்று போட்டிருக்கிறது. அந்தப் படத்தில் எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் நின்றாள். அவளை வெட்டிவிட்டீர்கள். வெட்டியவருக்குக் கத்தரி சரியாகப் பிடிக்க வரவில்லை போல. ஓரத்தில் அவளுடைய முழங்கையும் இரண்டு கண்ணாடி வளையலும் மிச்சம் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் கட்டுரை. மலையிலிருந்து இறங்கி வந்து நம் ஊர் ஓரத்தில் குடியேறியிருப்பவர்களுக்கு இந்த மண்ணோடும் நம் இரத்தத்தோடும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை நம் மருமகன் விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துவிட்டாராம். கீழே ஒரு படம்: கீழிருந்து மேலே ஏறும் படிகள். மேல் படியில் நம் ஆட்கள், தலைப்பாகையோடு. கீழ்ப் படியில் யார் என்று எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கட்டுரைக்கு மேலே, ஆய்வு என்று போட்டு, உன் பெயர் இருக்கிறது. என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் பெயர்தானா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவையும் படித்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பிரதி எடுத்து, அந்த மலர் எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்த வீடுகளுக்கெல்லாம் என் கையாலேயே கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நான் உன்னை எவ்வளவோ பொறுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் என் பள்ளிக்கூட ஆய்வகத்தில்தான் நீ பாதி வளர்ந்தாய். சாயங்காலம் உன் பள்ளிக்கூடம் விட்டதும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, நான் நோட்டுத் திருத்தி முடிக்கும்வரை அலமாரிகளைக் குடைவாய். அங்கே பிளாஸ்டர் மண்டையோடு ஒன்று இருந்தது. அதற்கு நீ அண்ணாச்சி என்று பெயர் வைத்தாய். "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று அதன் தாடையை ஆட்டிவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பாய். ஒருநாள் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு இது என்ன என்று கேட்டாய். முதுகுத்தண்டு நரம்பு மூளைக்கு ஏறுகிற வாசல் என்றேன். நாலு காலில் நடக்கும் மிருகத்துக்கு அது பின்னால் தள்ளி இருக்கும். நம் தலை கழுத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதால் நமக்கு நடுவில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய மண்டை மட்டும் கிடைத்தால்கூட, அந்த ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே அந்த ஜீவன் நிமிர்ந்து நடந்ததா என்று ஊகித்துவிடலாம் என்று சொன்னேன். நிமிர்ந்து நடந்தது முதலில், மூளை பெருத்தது ரொம்பப் பிற்பாடு என்றும் சொன்னேன். நீ யோசித்துவிட்டு, "அப்போ முட்டாப்பயலாத்தான் ரொம்ப நாள் நடந்திருக்கோம், என்னம்மா?" என்றாய். பக்கத்து மேஜையில் இருந்த வேதியியல் டீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வீடு வரும்வரை பஸ்ஸில் எல்லார் பிடரியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

என் தப்பு ஒன்றை அப்போது நீதான் திருத்தினாய். கூன் விழுந்த குரங்கில் தொடங்கி நிமிர்ந்த மனிதனில் முடியும் அந்த வரிசைப் படத்தை நான் வருஷா வருஷம் போர்டில் வரைவேன். ஒன்றிலிருந்து ஒன்று, படிப்படியாக, ஏணியில் ஏறுவதுபோல வந்தோம் என்று வாய் கிழியச் சொல்லிக்கொடுப்பேன். நீ பதினொன்றாம் வகுப்பில் எங்கிருந்தோ ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாய். "அம்மா, நீ சொல்லிக் குடுக்கது தப்பு. இப்ப இருக்க குரங்கு நமக்குத் தாத்தா இல்ல, ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி முறை. ரெண்டு பேருக்கும் தாத்தா வேற ஆளு, அவரு செத்துப் போயிட்டாரு. ஏணியே கிடையாதும்மா. ஆறு மாதிரி." நம் தாமிரபரணியையே காட்டினாய். அணைக்கட்டில் கால்வாயாகப் பிரிந்து போகிற தண்ணீர் வயலில் பாய்ந்து, வடிந்து, எங்கோ கீழே மறுபடியும் ஆற்றிலேயே வந்து விழுகிறது. சில கால்வாய் நடுவழியில் வற்றிப் போகிறது. எந்தத் தண்ணீர் உசத்தி, எது தாழ்த்தி என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டாய். மறுநாள் வகுப்பில் அந்த வரிசையை முழுதாக அழித்தேன். இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லிவிட்டேன், என் மகன் திருத்தினான் என்று அறுபது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை லே. பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஏணியை இப்போது சங்கத்து மலரில் நீயே திரும்பச் சார்த்தி வைத்திருக்கிறாய்.

பேச்சியம்மாள் யார் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் முதல் வேலை மாஞ்சோலையில், தேயிலை எஸ்டேட் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில். உனக்கு அப்போது ஒன்றரை வயது. உன் அப்பா கீழே டவுனில் வேலை பார்த்தார். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். கொழுந்து பறிக்கும் பேச்சி எங்கள் பக்கத்து வரிசை வீடு. அவளுக்கு உன் வயதில் செல்வி என்று ஒரு மகள். மாதம் ஒரு தடவை கீழே இறங்கும்போது பேச்சியும் கூட வருவாள், உனக்காகவே வருவாள். மூன்றாவது வளைவு திரும்பும் முன்னால் உனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் உன்னைத் தூக்குவதற்குள் அவள் தன் முந்தானையை விரித்து ஏந்திக்கொள்வாள். "எடுத்துக்கோ ராசா, எல்லாத்தையும் எடுத்துரு" என்று முதுகைத் தடவுவாள். மணிமுத்தாற்றில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் முந்தானையை அலசிக்கொண்டு வந்து, ஈரச்சேலையோடு உட்கார்ந்துகொள்வாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நீ அவளை அத்தை என்று கூப்பிட்டாய்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் செல்வியும் ஒரு கடலை மிட்டாயைக் காக்காக்கடி கடித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தீர்கள். மிட்டாய்மேல் சட்டைத் துணியை மூடிக் கடித்தால் எச்சில் படாதாம். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! நான் துணியை விலக்கி, "சும்மாவே கடிலே, எச்சில்ல ஒண்ணும் இல்ல" என்றேன். பேச்சி என்னைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து என் வீட்டு டம்ளரில் டீ வாங்கிக் குடித்தாள். அதற்கு முன்னால் தன் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவருவாள்.

எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது பேச்சியும் இறங்கினாள். ஊர் ஓரத்துக் குடியிருப்பில் வீடு. பிறந்ததிலிருந்து குளிரில் இருந்தவளுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் நீ மானுடவியல் ஆராய்ச்சிக்காக, ஒரு பெட்டி நிறையக் குழாய்களோடு வந்து இறங்கினாய். இந்த ஆற்றங்கரையில் இருக்கும் மனிதர்கள் எங்கெங்கிருந்து, எந்த வழியாக நடந்து வந்து சேர்ந்தார்கள் என்பதை எச்சிலிலிருந்து படிக்கப் போவதாகச் சொன்னாய். பாதி நம் தெருவில், பாதி அந்தக் குடியிருப்பில் எடுக்க வேண்டும் என்றாய். உனக்கு யாரும் கொடுக்கவில்லை. அது உனக்கு ஆச்சரியமாக இருந்தது, எனக்கு இல்லை. தலைமுடியையும் எச்சிலையும் அந்நியன் கையில் கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவான் என்று நினைக்கிற ஊர் இது. நம் தெருவில் ஒரு மாமி கேட்டது வேறு கேள்வி: "என் எச்சியும் அவுக எச்சியும் ஒரே பொட்டிக்குள்ளயா போவும்?"

மூன்று நாள் வெறும் குழாயோடு திரும்பி வந்து, நான்காம் நாள் என்னிடம் வந்தாய். "நீ சொன்னா கேப்பாகம்மா" என்றாய். நான் சொன்னேன். குடியிருப்பில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, முதல் குழாயில் நானே துப்பினேன். எண் ஒன்று. வரிசையில் யாரும் நகரவில்லை. நீ படம் எடுக்கும்போதே என் பக்கத்தில் வந்து நின்றிருந்த பேச்சி ஒரு குழாயைக் கையில் வாங்கினாள். "டீச்சர் துப்பியாச்சு, எனக்கு என்ன?" என்று வெற்றிலை வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பினாள். எண் இரண்டு. அதற்குப் பிறகு கூட்டம் முண்டியடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்தொரு பேர். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்மதத் தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். யார் பெயரும் வெளியே வராது, இந்த ஆள் அந்த ஆள் என்று பிரித்து எதுவும் எழுத மாட்டோம், முடிவு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். நீ எழுதிய வாக்கியங்கள், என் வாயால் கொடுத்த வாக்கு. சாட்சி என்ற இடத்தில் முப்பது தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாய். குரலிலேயே குதியாட்டம். "அம்மா, ஒரு கூத்தக் கேளேன். எண் ஒண்ணும் எண் ரெண்டும் தாய்வழியில ஒரே கிளை! நீயும் பேச்சியத்தையும்! இனிமே அத்தைன்னு கூப்பிடக் கூடாதும்மா, சித்தின்னுல்லா கூப்பிடணும்." எனக்கு நீ விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. அதற்கென்று தனி மரபணு உண்டு. அது அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும், அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், பல ஆயிரம் வருஷத்துக்கு அப்பால், எனக்கும் பேச்சிக்கும் ஒரே தாய். யாரோ ஒருத்தி இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள். ஒருத்தியின் வழி என்னிடம் வந்தது, ஒருத்தியின் வழி மலை ஏறி இறங்கி வேப்பமரத்தடிக்கு வந்தது.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரியட்டும். முதலில் சிரித்தேன். அடுத்த நொடியே, "சரிலே, இதை இப்ப யாரிட்டயும் சொல்லிக்கிடாத" என்றேன். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இந்தச் சேதி போகிற வீட்டில் எப்படிக் காதில் விழுமோ என்று ஒரு கணக்கு. முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தியவளின் மனசு ஒரு நொடியில் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது. நீ "சரிம்மா" என்றாய். முடிவு வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்தவள், பேச்சியை வாரா வாரம் ரேஷன் கடையில் பார்த்தும் வாய் திறக்கவில்லை. இதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மலர் வந்த மூன்றாம் நாள் பேச்சி வீட்டுக்கு வந்தாள். கையில் அதே மலர். யாரோ குடியிருப்புத் தண்ணீர்க் குழாயடியில் வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு எழுத்து வாசிக்க வராது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினாள். "இதுல என்னமோ போட்டிருக்காமே டீச்சர். வாசிங்களேன்." நான் வாசித்தேன். என்ன வாசித்தேன் தெரியுமா? இந்த ஆற்றங்கரை மக்கள் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்று ஆராய்ச்சியில் தெரிகிறது, அதற்கு உதவிய எல்லாருக்கும் நன்றி என்று, தாளில் இல்லாததை வாசித்தேன். வரி மாறாமல், விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி வாசித்தேன். முடித்ததும் மலரை என் கையிலிருந்து பைய வாங்கிக்கொண்டாள். "செல்வி நேத்தே வாசிச்சுட்டா டீச்சர். நீங்க என்ன வாசிக்கியன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. உடனே உனக்குப் போன் போட்டேன். நம் பேச்சை உனக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், நீ மறந்திருப்பாய். "நான் பொய் எழுதலம்மா. ஆம்பிளைக வழி அட்டவணையை மட்டும் குடுத்தேன். மிச்சத்தை அவுகளா எழுதிக்கிட்டாக" என்றாய். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற அந்த வழியிலும் எல்லாம் கலந்துதானே லே கிடக்கிறது என்றேன். "ஆமா, ஆனா வித்தியாசம் கொஞ்சம் இருக்கத்தான செய்யுது" என்றாய். எந்த இரண்டு மனுஷனுக்கும் நடுவில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, உனக்கும் எனக்குமே இருக்கிறது, அதை இப்போதுதான் பார்க்கிறேன். தாய்வழித் தாள் எங்கே என்று கேட்டேன். படத்தில் பேச்சியை வெட்டியது யார் என்று கேட்டேன். "மாமா கேட்டாக" என்றாய். "கல்யாணம் முடியட்டும்மா, பொறவு ஒரு மறுப்பு எழுதிருவோம்" என்றாய். நான் விடவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னாய்: "நீதானம்மா யாரிட்டயும் சொல்லாதன்னே?" நான் போனை வைத்துவிட்டேன்.

நீ சொன்னதில் தப்பில்லை. மூடி வைக்கச் சொன்னவள் நான்தான். ஆனால் நான் மூடியது பயத்தில். அந்த மறைப்பையே கல்லாக எடுத்து இன்னொருத்தர் தலையில் போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு அண்ணாச்சியின் தாடையை ஆட்டத் தெரியும், மண்டையோட்டின் ஓட்டைக்குள் விரலை விடத் தெரியும், ஆறு பிரிவதும் கூடுவதும் தெரியும். ஒன்றும் தெரியாதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடுவேன். நீ தெரிந்தே செய்திருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருதடவை என் வகுப்புப் பிள்ளைகளோடு உன்னையும் முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆற்றங்கரைப் பொட்டலுக்குக் கூட்டிப்போனேனே, அங்கே தாழிக்குள் இருந்த எலும்பைப் பார்த்து ஒரு பையன், "டீச்சர், இவுக எந்த ஆளுக?" என்று சாதி கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டு, "செத்துப்போன ஆளுகலே" என்றாய். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு இப்போது நீ வேறு பதில் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

மறுநாள் பேச்சி வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாய்வழித் தாள், எண் ஒன்று, எண் இரண்டு, நீ போனில் சித்தி என்றது, நான் சொல்லாதே என்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "அப்போ ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா டீச்சர்?" என்றாள். தெரியும் என்றேன். "நான் அவனுக்குச் சித்தி முறைல்லா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், கீரைக்காம்பைத் தட்டிவிட்டு எழுந்தாள். "என் எச்சியத் திருப்பி வாங்கிக் குடுங்க டீச்சர். அவங்கிட்ட இருக்க வேண்டாம்." அப்போதுதான் எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது: எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

பதினைந்து நாளாக அந்த வேலையாகத்தான் அலைகிறேன். முழங்கால் வீங்கிவிட்டது. முப்பது வீட்டுப் படியும் ஏறினேன். வாக்குக் கொடுத்தேன், என் மகன் அதைக் காப்பாற்றவில்லை, நானும் ஒன்றை மறைத்தேன், விலக விரும்பினால் இந்தத் தாளில் எழுதுங்கள் என்று அத்தனை வீட்டிலும் சொன்னேன். குடியிருப்பில் ஒருவர் விடாமல் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தாத்தா மட்டும் என்னை ஏசு ஏசு என்று ஏசிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார். நம் தெருவில் நாலு பேர்தான் எழுதினார்கள். மற்றவர்கள், "நம்மளப் பத்தி நல்லாத்தான எழுதியிருக்கான், நீங்க ஏன் கெடந்து அலையுதிய?" என்றார்கள். ஒரு வீட்டில் முகத்தில் அடித்ததுபோலக் கதவைச் சாத்தினார்கள். உன் அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கல்யாணம் முடியட்டுமே, பொறவு போயேன்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாயால் பேசுகிறீர்கள்.

கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா வருவார். மேடையில் என் இடத்தில் யாரையாவது நிறுத்திக்கொள். தாய்வழித் தாளை எடுத்துக்கொண்டு நீ இங்கன வந்து, அந்த வேப்பமரத்தடியில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி உன் வாயால் வாசிக்கிற நாளில் நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். அதுவரை என்னிடம் ஆசீர்வாதம் கேட்காதே. வாயில் வார்த்தை இருக்கிறது, கொடுக்க மனசு வரவில்லை.

இத்துடன் விலகல் தாள்களை வைத்திருக்கிறேன். முதல் தாள் என்னுடையது. எண் ஒன்று. நான் துப்பியதையும் அதிலிருந்து நீ எடுத்ததையும் அழித்துவிடு. உனக்குள் இருக்கும் என் பங்கை அழிக்க வழியில்லை, அதை நீ வைத்துக்கொள். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், உனக்கே தெரியும்.

இரண்டாவது பேச்சியின் தாள். காரணம் எழுத வேண்டியதில்லை என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மாஞ்சோலை பஸ்ஸுல என் மடியில வாந்தி எடுத்த பிள்ளைன்னு நம்பிக் குடுத்தேன்." பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். பிறகு அன்றைக்கு ரேகை வைத்துத் தன் பங்குக்கு வாங்கி வைத்திருந்த பழைய சம்மதத் தாளையும் எடுத்து முழுதாக வாசிக்கச் சொன்னாள். இந்தத் தடவை இருப்பதை இருப்பதாக வாசித்தேன். அதில் ஒரு கட்டம் இருக்கிறது, நீ அச்சடித்ததுதான்: மாதிரி எடுப்பவருக்கு உறவா? என் தாளில் அதற்கு நேரே ‘தாய்’ என்று எழுதியிருக்கிறாய். அவள் தாளில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். மை காயாத விரலை அதன்மேல் வைத்தாள்.

"இத அடிச்சிட்டு, சித்தின்னு போடுங்க டீச்சர்."

போட்டிருக்கிறேன்.

அம்மா